காட்டாமணக்கும் கரும்பும்: இந்திய உயிரி எரிபொருள் தொழிலில் கொள்முதல் விலையின் வரலாறு (2003–2025)

2003ஆம் ஆண்டில் இந்திய அரசு இரண்டு உயிரி எரிபொருள்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் கையிலெடுத்தது. ஜனவரியில், ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடும் அந்த ஒன்பதில் ஒன்று. ஏப்ரலில், திட்டக்குழு அமைத்திருந்த உயிரி எரிபொருள் வளர்ச்சிக் குழு தன் அறிக்கையை அளித்தது. 2011-12க்குள் டீசலில் 20 விழுக்காடு வரை உயிரி டீசல் கலக்கலாம், அதற்குக் காட்டாமணக்கே ஏற்ற பயிர் என்றது அந்த அறிக்கை. அன்றைய எதிர்பார்ப்பெல்லாம் இரண்டாவதன் மேல்தான் இருந்தது. நடந்தது வேறு. 2013-14இல் சுமார் 1.5 விழுக்காட்டில் தேங்கி நின்ற எத்தனால் கலப்பு 2025இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. காட்டாமணக்கோ வந்த வழியே வேலியோரத்துக்குத் திரும்பிவிட்டது. செடி சரியில்லை என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு விளக்கம்; சர்க்கரை ஆலைகளின் அரசியல் செல்வாக்கு இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் போதா. மூலப்பொருளுக்கு ஏற்கெனவே இருக்கும் மற்ற வாடிக்கையாளர்களை வெல்லக்கூடிய விலை, அந்த விலையில் வாங்கியே தீர வேண்டிய ஒரு கொள்முதலாளர்: இவை இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்தியாவில் உயிரி எரிபொருள் ஒரு தொழிலாக எழுந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

காட்டாமணக்கின் கதை முதலில். மத்திய அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடியை ஆடுமாடு கடிக்காது. நம் ஊர்களில் அது வேலிப்பயிரானது அதனால்தான். விதையில் மூன்றில் ஒரு பங்களவு எண்ணெய், உண்ண முடியாத எண்ணெய் என்பதால் சமையலறையோடு போட்டியில்லை, தரிசிலும் வளரும். திட்டக்குழுவின் கணக்குக்கு இந்த மூன்றுமே அடித்தளம். முதற்கட்டமாக 4 லட்சம் ஹெக்டேரில் செயல்விளக்க நடவு, பிறகு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கம் என்று வரைபடம் போடப்பட்டது. குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2005 ஆகஸ்டு 14 அன்று நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், எரிசக்தித் தற்சார்புக்கான வழிகளில் ஒன்றாகக் காட்டாமணக்கைக் குறிப்பிட்டார். சத்தீஸ்கர் அரசு முழுமூச்சாக இறங்கியது. தமிழ்நாட்டில் நிறுவனங்கள் ஒப்பந்த முறையில் விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தன. நாடு முழுக்க நாற்றங்கால் போட்டவர்கள்தான் அந்த ஆண்டுகளில் உறுதியாகப் பணம் பார்த்தவர்கள் என்று சொன்னால் மிகையாகாது.

விலை எப்படி வைக்கப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2005 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு 2006 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உயிரி டீசல் கொள்முதல் கொள்கைப்படி, 12 மாநிலங்களில் 20 மையங்களில் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளும். பின்னர் அது 26.50 ரூபாயானது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு மூன்று முதல் நான்கு கிலோ விதை வேண்டும். பிழிவது, மெத்தனாலோடு வினைப்படுத்துவது, மையம்வரை லாரியில் கொண்டுபோவது எல்லாம் இலவசம் என்றே வைத்துக்கொண்டாலும், விவசாயியின் கைக்குக் கிலோவுக்கு ஏழெட்டு ரூபாய்க்கு மேல் வர வழியில்லை. பிண்ணாக்கால் இந்தக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்றால் அது நஞ்சு. மாட்டுக்கு வைக்க முடியாது, எருவாகத்தான் போடலாம். காய்களோ ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கறுத்து உலர்ந்ததும் கலந்து தொங்கும். ஒரே செடிக்கு ஆள் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அப்புறம் தோலுரித்து விதையெடுக்க வேண்டும். இத்தனை கைவேலைக்குக் கூலி கொடுத்தபின் மிஞ்சுவது என்ன? அரசு அந்த 25 ரூபாயை விதைக்கு ஆகும் செலவிலிருந்து கட்டி எழுப்பவில்லை. அன்று மானியத்தால் கீழே பிடித்துவைக்கப்பட்டிருந்த டீசல் விலையிலிருந்து இறக்கி எழுதியது. விளைவு, மையங்கள் இருந்தும் சரக்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை எண்ணெய் வித்துகளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிப் பேசி, 20 விழுக்காடு என்ற இலக்கை 2017க்குத் தள்ளி வைத்தது. அதற்குள் வயலில் ஆர்வம் அடங்கியிருந்தது.

விலை எவ்வளவு கொடுத்தாலும் இந்தச் செடி தேறியிருக்காது என்று இங்கே மறுப்பு எழும். மறுப்பவர்கள் கையில் வலுவான ஆதாரமும் இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிகளின் நிலங்களில் பயிரான காட்டாமணக்கைக் களத்தில் ஆராய்ந்த பெரே அரிசா-மொன்டோபியோ, சரத்சந்திர லேலே ஆகியோரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, தண்ணீர் உள்ள இடத்தில்தான் ஓரளவு வாய்ப்பு, ஏழை விவசாயிகளுக்கே இழப்பு அதிகம் என்று காட்டியது. தரிசுக்கான பயிர் என்று சொல்லப்பட்டது தண்ணீர் கேட்டது. பாய்ச்சக்கூடிய நிலம் உள்ளவருக்கோ கடலையும் மரவள்ளியும் கூடுதலாகக் கொடுத்தன. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தேர்ந்தெடுத்த ரகம் ஒன்றுகூட இல்லாத காட்டுச்செடியை லட்சக்கணக்கான ஹெக்டேரில் நடச் சொல்லும் துணிவு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். இவ்வளவு டன்னை இந்த விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டு நட்டத்துக்கும் பொறுப்பேற்கும் ஒரு கொள்முதலாளர் இருந்திருந்தால், ஏக்கருக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி நடவுக்கு முன்பே எழுந்திருக்கும். நட்டம் முழுவதும் நட்டவன் தலையில் விழும் ஏற்பாட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. விலை சரியாக இருந்திருந்தால் காட்டாமணக்கு வென்றிருக்கும் என்பதல்ல என் வாதம். சீக்கிரமாகவும் குறைந்த செலவிலும் தோற்றிருக்கும் என்பதே.

எத்தனாலின் முன்கதை இதைவிடப் பழையது. 1948லேயே இந்திய எரிசாராயச் சட்டம் இயற்றப்பட்டது. அரை நூற்றாண்டு பெரும்பாலும் காகிதத்தில் கிடந்து, 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆலைகளும் கழிவுப்பாகும் அப்போதும் இருந்தன. ஆனால் மொலாசஸ் என்று ஆலைக்காரர்கள் சொல்லும் அந்தக் கழிவுப்பாகை நம்பி இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்: மது ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும். 1993இல் கழிவுப்பாகின் மீதான கட்டுப்பாடு விலக்கப்பட்டதும் யார் அதிகம் கொடுக்கிறார்களோ அவர்களுக்கே அது போனது. 2001இல் மிரஜ், மன்மாட், பரேலி ஆகிய இடங்களில் சோதனைக் கலப்பு, 2003இல் கட்டாயம், 2004இல் வறட்சியால் கரும்பு குறைந்தவுடன் கட்டாயம் தளர்த்தப்பட்டது, பிரேசிலிலிருந்து எத்தனால் இறக்குமதியானது. 2006இல் மீண்டும் தொடங்கியபோது லிட்டர் 21.50 ரூபாய் என்று மூன்று ஆண்டுகளுக்கு விலை நிர்ணயித்தார்கள். கரும்பு பெருகிக் கிடந்த ஆண்டில் ஆலைகளுக்கு அது இனித்தது. 2008-09இல் சர்க்கரை உற்பத்தி சரிந்து கழிவுப்பாகின் விலை ஏறியபோது, ஒப்பந்தம் போட்ட ஆலைகளே சரக்கு தரவில்லை. இதற்கு மேல், சாராயம் மாநில அரசுகளின் கலால் வருவாயோடு பிணைந்தது. ஒரு டேங்கர் மாநில எல்லை தாண்ட அனுமதிச் சீட்டும் கட்டணமும் வேண்டும். காட்டாமணக்குக்குக் கொடுத்த விலையின் குறையேதான் இங்கும்: மூலப்பொருளின் விலை நகர்ந்தது, கொள்முதல் விலை நகரவில்லை.

திருப்பம் 2014 டிசம்பரில் வந்தது. தூரத்துக்கு ஏற்ப லிட்டருக்கு 48.50 முதல் 49.50 ரூபாய் வரை என்று ஒன்றிய அரசு அறிவித்தது. அதைவிட முக்கியமானது 2018 செப்டம்பரில் எடுத்த முடிவு. ஆலைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பொருள் விளங்கும். கரும்புச்சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கிச் சுழல் இயந்திரத்தில் போட்டால் சர்க்கரைப் படிகம் தங்கும், பாகு வெளியேறும். அந்தப் பாகை மறுபடி காய்ச்சி இரண்டாம் முறை, பிறகு மூன்றாம் முறை. மூன்றாவதன் கடைசியில் மிஞ்சும் கறுத்த பாகு, சர்க்கரை எடுக்க முடியாதது, அதுதான் பழைய கழிவுப்பாகு. அதில் ஒரு டன்னுக்குச் சுமார் 225 லிட்டர் எத்தனால் வரும். இரண்டாம் சுற்றோடு நிறுத்தினால் பாகில் சர்க்கரை மிகுந்திருக்கும், 300 லிட்டர் வரும், ஆனால் மூட்டையில் சேர வேண்டிய சர்க்கரையில் கொஞ்சத்தை ஆலை இழக்கும். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2018-19க்கு மூன்று விலைகள் வைக்கப்பட்டன: கடைசிப் பாகுக்கு 43.46, இரண்டாம் பாகுக்கு 52.43, சாற்றிலிருந்து நேரடியாக எடுத்தால் 59.13 ரூபாய். சர்க்கரையா எத்தனாலா என்ற முடிவை ஆலை மேலாளர் முதன்முறையாக இயந்திரத்தின் அருகில் நின்று எடுக்க முடிந்தது. கரும்பின் ஆதார விலை உயர்ந்தபோது இந்த விலைகளும் தொடக்க ஆண்டுகளில் உடன் உயர்ந்தன. வடிசாலைக் கடனுக்கு வட்டி மானியமும் சேர்ந்தது. 2016இல் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, மதுவல்லாத சாராயத்தின் மீது ஒன்றிய அரசு கை வைத்திருந்ததால் எல்லைத் தடைகளும் குறையத் தொடங்கின. 2022 ஜூனில், கெடுவுக்கு ஐந்து மாதம் முன்பாக, கலப்பு 10 விழுக்காட்டை எட்டியது.

இதெல்லாம் சர்க்கரை முதலாளிகளைக் காப்பாற்றச் செய்தது என்று சொல்வார்கள். 2017-18இல் நாட்டின் தேவை சுமார் 250 லட்சம் டன்னாக இருக்க, உற்பத்தி 320 லட்சத்தைத் தாண்டியது. விவசாயிகளுக்குக் கரும்பு நிலுவை குவிந்தது. உபரியைக் கரைக்க வழி தேடித்தான் அரசு எத்தனாலிடம் வந்தது. நோக்கம் அதுவே என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் இதே ஆலைகள், இதே செல்வாக்கு, இதே போன்ற உபரி 2006-07லும் இருந்தன, தொழில் எழவில்லை. செல்வாக்கு விலையை வாங்கித் தந்தது என்று சொல்லலாம்; விலை இல்லாமல் செல்வாக்கு மட்டும் ஒரு லிட்டரைக்கூடக் கலக்கவில்லை.

வாதத்தைச் சோதிக்கத் தமிழ்நாட்டிலேயே மூன்றாவது சான்று ஒன்று உண்டு. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கம் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை நம்பி விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் வந்தன. வாங்குபவர் உண்டு, மின்வாரியம். விலையும் உண்டு, ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது. பலவும் முழு அளவில் ஓட முடியாமல் திணறின. அந்த விறகைக் கரி மூட்டம் போடுபவர்களும் செங்கல் சூளைகளும் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தார்கள்; நிலையம் வந்ததும் போட்டி கூடி விறகின் விலை ஏறியது, யூனிட் விலை அதே வேகத்தில் ஏறவில்லை. சர்க்கரை ஆலைகளின் இணை மின் நிலையங்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், அவற்றின் எரிபொருளான கரும்புச் சக்கை சொந்த வளாகத்திலேயே கிடைத்தது என்பதுதான். 2019இல் பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து வரும் உயிரி டீசலுக்கு லிட்டர் 51 ரூபாய் என்று எண்ணெய் நிறுவனங்கள் அறிவித்தபோதும், அந்த எண்ணெயை மலிவாக வாங்கி மறுபடி பொரிக்கும் சிறுகடைகள் முந்திக்கொண்டன. உறுதியான கொள்முதலாளர் மட்டும் போதாது, மற்ற வாடிக்கையாளரை வெல்ல வேண்டும் என்ற நிபந்தனையை இவை உறுதிப்படுத்துகின்றன.

கடைசி ஆட்சேபம் கனமானது. அரசு விலை வைத்து, அரசு நிறுவனங்கள் வாங்கி, வண்டி ஓட்டுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தொட்டியில் ஊற்றப்படுவதை வணிகத் தொழில் என்று அழைக்கலாமா? ஆலைகள் சொந்த முதலும் கடனும் போட்டு லாபநட்டம் பார்த்து இயங்குவதால் அழைக்கலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் விலை ஆணையால் எழுந்த தொழில் ஆணையால் நிற்கவும் கூடும். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி எத்தனாலுக்கு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 7 அன்று, சர்க்கரை குறையும் என்ற அச்சத்தில், கரும்புச்சாற்றைப் பயன்படுத்தத் தடை வந்தது. எட்டாம் நாள் 17 லட்சம் டன் சர்க்கரை வரம்போடு அது தளர்ந்தது. சாற்றுக்கென்று கடன் வாங்கிக் கட்டிய வடிசாலைகளுக்கு அந்த ஒரு வாரம் நீண்ட வாரம். அரிசியும் சாறும் விட்ட இடத்தை மக்காச்சோளம் பிடித்தது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை நிகரமாக இறக்குமதி செய்தது. தீவன விலை ஏறி நாமக்கல் கோழிப்பண்ணைகள் முறையிட்டன. கரும்பிலிருந்து வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையிலேயே உள்ள கணக்கு; கொள்முதல் விலையில் அந்தத் தண்ணீருக்கு இன்றுவரை ஒரு பைசாகூட இல்லை. 2025-26ஆம் ஆண்டுக்கு எண்ணெய் நிறுவனங்கள் சுமார் 1,050 கோடி லிட்டர் கேட்டன. ஆலைகள் தர முன்வந்தது 1,700 கோடிக்கும் மேல். 20 விழுக்காட்டைத் தாண்டிக் கலக்கச் சொல்லி ஆலைகள் இப்போது அரசை நெருக்குவது இந்த உபரியால்தான். இவ்வளவையும் வாங்க அவர்களுக்கு வேறு கொள்முதலாளர் இல்லை.