பெயர் மாறிய பொதி: ஜோகல் நூலகத்தின் வரலாறு

திரையில் முப்பரிமாண உருக்களை வரைவதற்கெனச் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓப்பன் ஜீஎல், சி மொழியில் நிரல் எழுதுவோரை மனங்கொண்டு வகுக்கப்பட்டதாகும். ஜாவாவில் எழுதுவோர்க்கோ இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டியிருந்தது. அப்பணியை ஆற்றிய உறைநூலகங்களுள் ஒன்றே ஜோகல். கென் ரசல், கிறிஸ் கிளைன் என்போர் தொடங்கிய இதனைப் பின்னர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

இதன் பெரும்பகுதி கையால் எழுதப்பட்டதன்று. குளூஜென் என்னும் கருவி சி மொழித் தலைப்புக் கோப்புகளைப் படித்து, இணையான ஜாவா நிரலை ஆக்கித் தந்தது. ஆகவே கீழுள்ள நூலகம் மாறுந்தோறும் உறையும் மாறுதல் இயல்பே. எனினும் ஜோகலை நம்பி எழுதிய நிரல்களை முறித்த மாற்றங்கள் யாவும் கீழிருந்து வந்தவையல்ல.

கீழிருந்து வந்த மாற்றத்தை முதலில் நோக்கலாம். 2008ஆம் ஆண்டின் ஓப்பன் ஜீஎல் 3.0 பழைய வரைமுறைகளைக் கைவிடத்தக்கன எனக் குறித்தது; 2009ஆம் ஆண்டின் 3.1 அவற்றை நீக்கிற்று. ஜோகலின் முதற் பதிப்பில் எல்லாச் சார்புகளும் ஜீஎல் என்னும் ஒரே இடைமுகத்தில் இருந்தன. இரண்டாம் பதிப்போ அவற்றை ஜீஎல்2, ஜீஎல்3, ஜீஎல்4 எனத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தது. புள்ளிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வரையும் 'ஜீஎல்பிகின்' சார்பு ஜீஎல்2இற்குரியதாயிற்று. பழைய இடைமுகத்தின்வழி அதனை அழைத்த நிரலைத் தொகுப்பி ஏற்க மறுத்தது. தொல்லைதான், ஆயினும் நேர்மையான தொல்லை. எது எக்காலத்துக்குரியது என்பது நிரல் ஓடுமுன்னரே தெரிந்துவிட்டது.

பொதியின் பெயர் மாறிய கதை வேறு. முதலில் அது 'நெட்.ஜாவா.கேம்ஸ்.ஜோகல்' எனப்பட்டது. ஜேஎஸ்ஆர் 231 என்னும் நியமமாக்கல் முயற்சியின் வழி 'ஜாவாஎக்ஸ்.மீடியா.ஓப்பன்ஜீஎல்' ஆயிற்று. 'ஜாவாஎக்ஸ்' என்பது ஜாவாவின் நியம நீட்சிகளுக்குரிய முன்னொட்டு. அதனைச் சூடுதல் ஓர் அங்கீகாரமே எனலாம். 2010ஆம் ஆண்டில் சன், ஒராக்கிளின் உடைமையாயிற்று. ஜோகலின் பராமரிப்பு ஜோக்ஆம்ப் என்னும் குழுவிடம் சென்றது. 2015ஆம் ஆண்டின் 2.3 பதிப்பில் பொதி 'காம்.ஜோக்ஆம்ப்.ஓப்பன்ஜீஎல்' எனப் பெயர் பெற்றது. இப்பெயர்மாற்றத்தால் திரையில் ஒரு கோடேனும் வேறாக வரையப்படவில்லை. ஆயினும் பழைய பெயரோடு அச்சான பாடநூல் எடுத்துக்காட்டுகள், புதிய பதிப்பில் இறக்குமதி வரியைத் திருத்தாதவரை, தொகுப்பியின் வாயிலைத் தாண்டமாட்டா.