நிரலாக்க மொழிகளில் வகைக் கட்டுப்பாடு: ஒரு வரலாற்று நோக்கு

மொழியைக் கையாள்வார் யாவரும் பொருள்களை வகைப்படுத்தியே பேசுகின்றனர். தமிழிலக்கணத்தார் பொருளனைத்தையும் உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்து, 'அவன் வந்தது' என்பது போன்ற தொடரைத் திணைவழு என விலக்கினர். வந்தவன் யாவன், எப்பொழுது வந்தான் என்பன தெரியாதிருப்பினும், அத்தொடர் பிழையென்பது கேட்டமாத்திரத்தே புலனாகின்றது. இவ்வாறு சொற்களின் வகைப்பொருத்தத்தை மாத்திரம் நோக்கிப் பிழைகாணும் முறை, கணினிக்கு ஆணையிடும் நிரலாக்க மொழிகளிலும் உண்டு. ஆயின் அங்கு அக்கட்டுப்பாடு எவ்வளவு வேண்டும், எப்பொழுது வேண்டும் என்பதுபற்றி நிரலாளர் இரு சாராராய்ப் பிரிந்து நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர். அவ்வழக்கின் வரலாற்றை ஆராய்வோமாயின், அது வெறும் விருப்பு வெறுப்பின்பாற் பட்டதன்று என்பது தெளிவாகும்.

கணினியின் நினைவகத்தில் உள்ளவை யாவும் 0, 1 என்னும் இரு குறிகளின் நிரைகளே. ஒரே நிரை ஓரிடத்தில் எண்ணாகவும் பிறிதோரிடத்தில் எழுத்தாகவும் கொள்ளப்படலாம். நிரலில் வரும் இன்ன பெயர் எண்ணைக் குறிக்கும், இன்ன பெயர் எழுத்துத்தொடரைக் குறிக்கும் என வரையறுத்து, நிரல் இயங்குமுன்னரே பொருத்தம் பார்ப்பது நிலைவகை முறை எனப்படும். பெயருக்கு வகை கூறாது, அது குறிக்கும் பொருளே தன் வகையை உடன்கொண்டு செல்ல, இயங்கும் வேளையிற் பொருத்தம் பார்ப்பது இயங்குவகை முறையாகும். எண்ணை எழுத்துத்தொடரால் வகுக்குமாறு ஓர் ஆணை நிரலில் உள்ளதெனக் கொள்வோம். முன்னைய முறையில் அந்நிரல் தொடங்கவே மாட்டாது. பின்னைய முறையில் அவ்வாணையை அடையும்வரை ஓடி, அங்கே நின்றுவிடும். பிழையை அறியும் காலமே இரண்டிற்குமுள்ள வேற்றுமை என்க.

வகை என்னுங் கருத்துக் கணினிக்கு முந்தியது. தன்னைத்தான் உள்ளடக்காத தொகுதிகள் யாவற்றையுங் கொண்ட தொகுதி, தன்னைத்தான் உள்ளடக்குமா என்னும் வினா 1901 இல் பேட்றன்ட் றசலின் உள்ளத்தில் எழுந்தது. உள்ளடக்கும் எனினும் முரண். உள்ளடக்காது எனினும் முரண். 1902 இல் அவர் இதனை ஜேர்மனிய அறிஞர் பிறேகேக்கு எழுதியபோது, கணிதத்தின் அடிப்படைபற்றிய பிறேகேயின் நூலின் இரண்டாம் பாகம் அச்சிலிருந்தது. அந்நூலின் அத்திவாரமே அசைந்தது. இம்முரணை நீக்க, 1908 இல் றசல் வகைக் கோட்பாட்டை விரித்துரைத்தார். 1940 இல் அமெரிக்க அளவையியலாளர் அலொன்சோ சேர்ச் அதனை எளிய வடிவிற் சார்புகளின் கணிதத்தோடு இணைத்தார். முரண் விளைக்கும் கூற்றைப் பின்னர் மறுப்பதற்குப் பதிலாக, அத்தகைய கூற்றை எழுதவே இயலாதவாறு மொழியை அமைத்தல் என்னுங் கருத்து இவ்வாறு தோன்றியது.

எனினும் முதல் நிரலாக்க மொழிகள் இத்தத்துவத்தினின்றும் நேரே பிறந்தனவல்ல. 1957 இல் ஐ.பீ.எம். 704 கணினிக்கென வெளிவந்த போட்றான் மொழியில், ஐ முதல் என் வரையுள்ள ஆறு ஆங்கில எழுத்துக்களில் ஒன்றைக்கொண்டு தொடங்கும் பெயர்கள் முழு எண்களையும், ஏனையவை தசம எண்களையும் குறித்தன. இவ்விருவகை எண்களுக்கும் பொறி வேறுவேறு செயல்களை ஆற்ற வேண்டியிருந்தமையே இதற்குக் காரணம். அக்காலத்தில் நிரல்கள் துளையிட்ட அட்டைகளாகக் கணினிக்கூடத்தில் ஒப்படைக்கப்பட்டன. விடைக்குப் பல மணிநேரங் காத்திருத்தல் வேண்டும். பொறியின் நேரம் மனிதனின் நேரத்தினும் விலைமிக்கதாயிருந்த அந்நாளில், பிழைகளுட் சிலவற்றையேனும் இயக்கத்துக்கு முன் காண்பது சிக்கனமாயிற்று.

மறுவழியும் அக்காலத்தே தோன்றியது. 1958 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஜோன் மக்கார்த்தி லிஸ்ப் மொழியை வகுக்கத் தொடங்கினார். எண்களைக் கணிப்பதன்று, குறிகளைக்கொண்டு சிந்தனையைப் போல்வதொன்றை ஆக்குவதே அவர் நோக்கம். அத்தகைய ஆராய்ச்சியில் எவ்விடத்தில் எவ்வகைப் பொருள் தோன்றுமென முன்கூட்டிக் கூறல் எளிதன்று. ஆகவே பெயர்கள் எப்பொருளையும் குறிக்கலாயின. 1970களில் அலன் கேயும் அவர்தங் குழுவினரும் ஆக்கிய சிமோல்ரோக் மொழியும் இவ்வழியையே மேற்கொண்டது. விடை தெரியாத வினாவை ஆராய்வோனுக்கு இவ்வழியும், விடையின் வடிவை அறிந்தவனுக்கு முன்னைய வழியும் உகந்தனவாயின.

வகையே இல்லாதிருத்தலும் ஒரு காலத்தில் விரும்பப்பட்டது. 1960களில் மாட்டின் றிச்சட்ஸ் வகுத்த பி.சி.பி.எல். மொழியில், பொறியின் 'சொல்' எனப்படும் ஒரே அலகன்றி வேறு வகையில்லை. அதன்வழி பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன் ஆக்கிய பி மொழியும் அத்தகையதே. ஆயின் அங்கு வந்த பி.டி.பி.-11 கணினியில் எழுத்து 8 துணுக்குகளையும் சொல் 16 துணுக்குகளையும் கொண்டிருந்தன. இரண்டையும் வேறுபடுத்தாது ஆள்வது இடர்ப்பாடாயிற்று. அதனால் டெனிஸ் றிச்சி வகைகளைச் சேர்த்தார். அதுவே சி மொழியாயிற்று.

கட்டுப்பாடு மிகின் அதுவும் குற்றமாகும் என்பதற்குப் பஸ்கால் மொழி சான்று. 1970 இல் சுவிற்சர்லாந்து அறிஞர் நிக்கிளஸ் விர்த் வெளியிட்ட இம்மொழியில், பட்டியலின் நீளமும் அதன் வகையின் கூறாகக் கொள்ளப்பட்டது. எனவே பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதிய நிரற்கூறு, இருபது எண்களை வரிசைப்படுத்த உதவவில்லை. 1981 இல் பிறையன் கேணிகன் இக்குறையை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை வரைந்தார். இக்குறைக்கு மாற்று முன்னரே எடின்பரோவில் உருவாகியிருந்தது. வகைகளை எழுதாமலே, நிரலை நோக்கி அவற்றைக் கணினி தானே உய்த்துணரவும், ஒரே கூறு பல வகைகளுக்குப் பொதுவாய் நிற்கவும் இயலுமென்பதை றொபின் மில்னர் 1978 இல் நிறுவினார். சேர்ச்சின் கோட்பாடு எம்.எல். என்னும் அவரது மொழியிற் செயல்வடிவம் பெற்றது. சுருக்கமாக எழுதுதலும் முற்படச் சோதித்தலும் ஒருங்கே இயலாவென்ற எண்ணம் இதனாற் பொய்த்தது.

1990களில் நிலை மாறியது. பொறி மலிந்தது, மனிதனின் நேரம் விலையேறியது. 1991 இல் பைதன், 1995 இல் ரூபி ஆகிய மொழிகள் வெளிவந்தன. அவ்வாண்டு மே மாதத்திற் பிறெண்டன் ஐக் பத்து நாள்களில் ஆக்கிய மொழியே யாவாஸ்கிரிப்ட். இவை மூன்றும் இயங்குவகையின. அதே 1995 இல் நிலைவகை மொழியாகிய யாவாவும் தோன்றியது. அக்கால யாவாவில் ஒவ்வொரு பெயரோடும் வகையை எழுதி அலுத்தோர், அவ்வலுப்பையே நிலைவகையின் குற்றமாகக் கருதலாயினர். மில்னரின் நெறி அவர்களுட் பலரை எட்டவில்லை.

வகைக் கட்டுப்பாடே முழுக்காப்பு என்பாருக்கு 1996 ஜூன் 4 ஆம் நாள் நிகழ்ந்தது பாடமாகும். அன்று ஏரியன் 5 உந்துகணை, புறப்பட்ட 40 வினாடியளவில் வானிற் சிதறியது. அதன் நிரல் கடுங்கட்டுப்பாடுள்ள ஏடா மொழியில் எழுதப்பட்டது. 64 துணுக்குத் தசம எண்ணொன்றை 16 துணுக்கு முழு எண்ணாக மாற்றுமிடத்து, அது கொள்ளக்கூடிய 32,767 என்னும் எல்லை கடக்கப்பட்டது. ஏரியன் 4 இற்குப் பொருந்திய நிரற்கூறு, வேகமிக்க புதிய கணைக்குப் பொருந்தவில்லை. வகைகள் யாவும் பொருந்தியிருந்தன. மாந்தரின் எடுகோளே பொய்த்தது.

எம்முறை சிறந்ததெனச் சோதனையால் அறியவும் முயன்றனர். ஸ்ரெபான் ஹனன்பேர்க் என்னும் ஜேர்மனிய ஆய்வாளர், ஒரே மொழியை இரு வடிவில் ஆக்கி, 49 மாணவரைக்கொண்டு செய்த சோதனையின் முடிவை 2010 இல் வெளியிட்டார். நிலைவகையால் நேரம் மிஞ்சியதென அதிற் காணப்படவில்லை. ஆயின் விளக்கக்குறிப்பற்ற, பிறர் எழுதிய நிரலைக் கையாளும் பணிகள் பலவற்றில் அது துணைபுரிந்ததென அவர் குழுவின் பிந்திய சோதனைகள் காட்டின. 2017 இல் வெளியான பிறிதோர் ஆய்வு, வெளியிடப்பட்ட யாவாஸ்கிரிப்ட் நிரல்களில் ஆராய்ந்த பிழைகளுட் சுமார் 15 வீதத்தை வகைச்சோதனை முன்னரே கண்டிருக்கும் என மதிப்பிட்டது. நூற்றுக்குப் பதினைந்து புறக்கணிக்கத்தக்கதன்று; அதனை முழுக்காப்பு எனலும் பொருந்தாது.

இதனிடையே இரு சாராரும் ஒருவரையொருவர் நெருங்கினர். தொடக்கத்திற் சிலர் விரைந்தெழுதிய நிரல்கள் காலப்போக்கில் இலட்சக்கணக்கான வரிகளாக வளர்ந்தன. எழுதியோர் நீங்க, புதியோர் அவற்றைப் படிக்க வேண்டியதாயிற்று. ஒரே நிரலில் இரு முறைகளும் படிப்படியாகக் கலக்கும் நெறியை 2006 இல் சீக், தாகா ஆகியோர் வகுத்தனர். 2012 இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் யாவாஸ்கிரிப்டுக்கு வகைகளைச் சேர்த்து ரைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 2015 இல் பைதனும் விரும்பியோர் வகையெழுத இடமளித்தது. மறுபுறம், 2018 இல் யாவா, சில இடங்களில் வகையை எழுதாதுவிட இசைந்தது.

இவ்வரலாற்றால் அறியத்தக்கது யாது? பொறியின் நேரம் அரிதாயிருந்த காலத்தில் முற்சோதனை போற்றப்பட்டது. எழுதுவோனின் நேரம் அரிதானபோது சுதந்திரம் போற்றப்பட்டது. பின்வந்து படிப்போனின் நேரம் அரிதானபோது மீண்டும் வகை வேண்டப்பட்டது. விருப்பம் மாறியதன்று, யாருடைய உழைப்பைச் சேமிக்க வேண்டுமென்பதே மாறியது. தன் நிரலைத் தானே எழுதித் தானே படிப்பவன் தன் நினைவையே நம்பலாம். பிறர் கையில் விட்டுச்செல்பவனோ, அவர்க்கு வேண்டிய அறிவையும் உடன்விட்டுச் செல்லக் கடப்பாடுடையன்.

நம் இலக்கணத்தார் வழுவை விலக்கியதோடமையாது, தக்க காரணம்பற்றி வருமிடத்து வழுவமைதி என ஏற்றும் கொண்டனர். விதியை முதலில் வைத்து, விலக்கிற்கும் முறைசெய்த அந்நெறியை, நிரலாக்க மொழியாளர் ஏறக்குறைய அறுபது ஆண்டு வழக்காடிய பின் தம் வழியே வந்தடைந்துள்ளனர் எனலாம்.