மேடு ஏறும் ஜீப்பின் முன்னும் பின்னும்

ஒரு ஜீப் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க, வண்டிப் பிரியர்கள் அதன் முன்னால் போய் நின்று கிரில்லில் எத்தனை துளை என்று எண்ணுவார்கள். தேனிப் பக்கம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். எத்தனை பேர் உட்காரலாம், ஏறக் கால் வைக்க இடம் இருக்கிறதா, படுதா சாரலைத் தாங்குமா என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் தெரியும். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறிவரும் இந்த வண்டியின் உருவத்தை அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவே எனக்கும் பிடிக்கிறது.

பிறந்தபோது அதற்குப் பின்கதவு கிடையாது. 1940இல் அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டிக்கு, பான்டம் நிறுவனத்துக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த உருவம்தான் மூலம். வில்லிஸும் ஃபோர்டும் அதை எடுத்து வளர்த்தன. கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கிரில்லுக்குப் பதிலாக, ஒரே தகட்டை அச்சில் அடித்துத் துளை போட்டால் செலவு குறையும் என்று கண்டது ஃபோர்டு. உலகமே அடையாளம் காணும் அந்த முகம் அழகுக்காகப் பிறக்கவில்லை, சிக்கனத்துக்காகப் பிறந்தது. அப்போது அதில் ஒன்பது துளை. ஹெட்லைட்டைப் பின்பக்கமாகத் திருப்பினால் எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டும். இருட்டில் பழுது பார்க்க இதைவிட நல்ல யோசனை இருந்திருக்க முடியாது.

போர் முடிந்த 1945இல், விவசாயிகளை நம்பி சி.ஜே. 2ஏ என்ற வண்டியை வில்லிஸ் இறக்கியது. ஹெட்லைட் பெரிதானது. அதற்கு இடம் விட்டு ஒன்பது துளை ஏழாகச் சுருங்கியது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஏழு துளையைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அதே வண்டியில் பின்புறத் தகடு கீழே இறங்கித் திறக்கும் கதவாக மாறியதும், அதற்கு வழிவிட்டு ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போனதும்தான் என் கணக்கில் பெரிய மாற்றம். மூட்டை ஏற்றுவதற்காக வைத்த கதவு அது. பிற்காலத்தில் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் ஏறிய வாசலும் அதுதான்.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி, வந்திறங்கிய பாகங்களைப் பூட்டி ஜீப் தயாரிக்கத் தொடங்கியது பம்பாயின் மகிந்திரா நிறுவனம். இந்தியாவில் நிலைத்து நின்றது 1953இல் வில்லிஸ் அறிமுகப்படுத்திய சி.ஜே. 3பி. புது எஞ்சினின் உயரம் பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் பானட்டைத் தூக்கி வைத்தார்கள். மற்ற ஜீப்புகளுக்குப் பக்கத்தில் இது மட்டும் நெற்றி உயர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் 1950களின் நடுவிலேயே சி.ஜே. 5 மட்கார்டை வளைத்துக்கொண்டது. நம் ஊர் ஜீப் பல பத்தாண்டுகளுக்குத் தட்டை மட்கார்டோடுதான் ஓடியது. அதைப் பழமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தட்டைத் தகடு நசுங்கினால் சின்ன ஊர்ப் பட்டறையிலேயே டிங்கர் வேலை பார்த்து நிமிர்த்தலாம். வண்டி நிற்கும்போது தூக்குவாளியை வைக்கவும், ஆள் உட்காரவும்கூட அது உதவும்.

கலெக்டரும் பஞ்சாயத்து யூனியன் அதிகாரியும் போலீசும் ஏறிய ஜீப் அந்தக் குட்டை ஜீப். மலைக்கு ஆள் ஏற்ற அது போதாது. பிறகு டீசல் எஞ்சின் வந்தது. 1980களில் பியூஜோ எஞ்சினோடு எம்.எம். 540 வந்தது. அடுத்து, பின்பக்கத்தை இழுத்து நீட்டிய கமாண்டரும், மேஜரும். முன்னால் இருந்து பார்த்தால் பழைய ஜீப்பின் மூஞ்சிதான். பின்னால் இரண்டு நீளப் பலகைகள் எதிரெதிராக, முழங்காலோடு முழங்கால் இடிக்க. மேலே கேரியர், பின்னால் மிதிபலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி, சுருட்டிக் கட்டிய படுதா. இவற்றில் பலவற்றைப் பட்டறையில்தான் சேர்த்தார்கள். கம்பெனி வரைபடத்தில் இல்லாத ஒரு தலைமுறை இப்படித் தேனிப் பள்ளத்தாக்கில் உருவானது.

விடியும் முன்பே போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் கூடலூரிலும் கிளம்பும் இந்த வண்டிகள் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்கு ஏறும். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். காய் எடுப்புக் காலம் பெரும்பகுதி மழையோடு வருவதால், படுதா கிழிந்திருந்தால் நனைந்துகொண்டேதான் வேலைக்குப் போக வேண்டும். போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு வரும் ஏலக்காயின் பின்னால் இந்தப் பயணம் இருக்கிறது.

கொழுக்குமலைக்கும் இதே ஜீப்தான். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. குரங்கணியிலிருந்து நடந்துதான் போக முடியும். பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தத் தடத்தில் தூக்கலான அடிப்பாகமும், முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிராத உடம்பும் எதற்கு என்பது ஒரே வளைவில் புரிந்துவிடும்.

2010இல் மகிந்திராவின் தார் வந்தது. முகத்தில் பழைய ஜீப்பை வைத்துக்கொண்டு, தட்டை மட்கார்டைக் கைவிட்டு, சக்கரங்களின் மேல் அகலமாக விரிந்தது. பின்னால் எதிரெதிர்ப் பலகைகள் இன்னும் இருந்தன. 2020 அக்டோபர் 2ஆம் தேதி விற்பனைக்கு வந்த இரண்டாம் தாரில் எல்லாம் மாறியது. அகலம், பளபளப்பு, 18 அங்குல அலாய் சக்கரம், கெட்டியான கூரை. பக்கவாட்டு இருக்கை வைத்த வகை முதலில் வந்து, சீக்கிரமே நிறுத்தப்பட்டது. முன்நோக்கிய இருக்கைகள் வைத்த வகைக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் கிடைத்தது. 2024இல் ஐந்து கதவுகளோடு தார் ராக்ஸ். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,850 மில்லிமீட்டர். போர்க்கால வில்லிஸில் அது 2,032தான்.

அதற்குள் அந்த முகத்துக்கு அமெரிக்காவில் வழக்கும் வந்துவிட்டது. மகிந்திராவின் ரோக்ஸர் என்ற வண்டி, ஜீப்பின் தோற்றத்தைக் காப்பியடிக்கிறது என்று அப்போது ஜீப் பெயரை வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் 2018இல் முறையிட்டது. 2020இல் அந்நாட்டின் பன்னாட்டு வணிக ஆணையம் அதை ஏற்று, வண்டியின் முதல் வடிவத்துக்குத் தடை போட்டது. முகத்தைத் திருத்தித்தான் அடுத்த வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். முன்பக்கத்துக்காக இவ்வளவு பெரிய சண்டை. பின்பக்கப் பலகை போனதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்தப் பலகை பத்திரமானது என்று நான் சொல்ல மாட்டேன். பெல்ட் கிடையாது. பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களை வளைவு தூக்கி எறியும். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதற்கும் மேல் ஏற்றுவது இந்த மலைச்சாலைகளில் நடக்கிறது. தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்த செய்தியும் அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. ஆகவே பலகையை எடுத்தது சரிதான். அதில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு என்ன வண்டி என்று யாரும் வரையாமல் விட்டதுதான் தவறு. வார விடுமுறைக்கு மலையேறும் குடும்பத்துக்கு அழகான தார் கிடைத்துவிட்டது. நாள்தோறும் மலையேறும் பெண்களோ தேய்ந்த கமாண்டரிலும் மேஜரிலும்தான் இன்னமும் போகிறார்கள்.

அடுத்த தலைமுறையை வரையப்போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். பத்துப் பேருக்கும் முன்நோக்கிய இருக்கை, ஒவ்வொன்றுக்கும் பெல்ட், சேலை கட்டியவர் தடுக்காமல் ஏறும் உயரத்தில் படி, சாரலைத் தடுக்கும் கூரை, கவிழ்ந்தாலும் நசுங்காத சட்டம், தூக்குவாளியும் மூட்டையும் வைக்கத் தனி இடம். கிரில்லில் எத்தனை துளை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.