மரவளையமும் காபனும் வரலாற்றுக் காலக்கணிப்பும்

கலை என்றும் விஞ்ஞானம் என்றும் இரு கூறாகப் பிரித்துப் பாடங்களைப் பயிற்றும் வழக்கம் நம் கல்லூரிகளில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. வரலாறு கற்கும் மாணவன் பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் படியை மிதிப்பதில்லை. ஆய்வுகூடத்திலே பொழுது போக்குபவன் அரசர் பட்டியலைக் கண்டால் முகஞ் சுளிக்கிறான். கால அட்டவணையின் வசதி நோக்கி நாம் இட்டுக்கொண்ட வேலி இது. ஆராய்ச்சியோ இவ்வேலியைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு துறையார் எழுப்பிய வினா வேறொரு துறையார்க்கு விடையாய் அமைதலும், நுண்ணிய அளவைக்குப் பெயர்பெற்ற விஞ்ஞானத்தை வரலாற்றாசிரியரின் பழஞ்சுவடி திருத்துதலும் உண்டு. பண்டைப் பொருள்களின் காலத்தைக் கணிக்கும் முறைகள் இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த கதையை ஈண்டு ஆராய்வோம்.

அக்கதை ஒரு வானியலாரிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் அரிசோனாப் பகுதியிலே வானாய்வு நிலையமொன்றிற் பணியாற்றிய டக்ளஸ் என்பார், செவ்வாயிற் கால்வாய்கள் உள எனச் சாதித்த தம் தலைவர் லோவெலுடன் கருத்து மாறுபட்டு, 1901 இல் அப்பதவியை இழந்தார். ஞாயிற்றின் முகத்திலே தோன்றும் கறைகள் ஏறத்தாழப் பதினோராண்டுக்கு ஒருமுறை மிகுந்தும் குறைந்தும் வருதலை வானியலார் அறிவர். இம்மாறுதல் பூமியின் மழையைத் தாக்குகின்றதா என்பதே டக்ளசின் வினா. நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு மழைக்கணக்கு எழுதி வைத்தவர் எவரும் அங்கு இல்லை. ஆயின் வறண்ட அந்நிலத்துப் பைன் மரங்கள் எழுதி வைத்திருந்தன. மழை பெய்த ஆண்டில் அகன்ற வளையம். பொய்த்த ஆண்டில் ஒடுங்கிய வளையம். ஒரு மரத்தில் அகலமும் ஒடுக்கமும் எவ்வரிசையில் அமைந்துளவோ, அதே வரிசை பல மைல்களுக்கு அப்பாலுள்ள மரத்திலும் அமைந்திருத்தலை அவர் கண்டார். உயிருள்ள மரத்தின் உள்வளையங்களோடு பழைய மரமொன்றின் வெளிவளையங்களைப் பொருத்தினால், வரிசையை இன்னும் பின்னோக்கி நீட்டலாம் என்பது அதனாற் புலனாயிற்று.

அப்பகுதியிலே பழங்குடி மக்கள் கட்டிக் கைவிட்ட பெருங் குடியிருப்புகள் இடிபாடாய்க் கிடந்தன. அவற்றின் காலம் எவர்க்கும் தெரியாது. எழுத்தில்லாத மக்களின் காலத்தை எதைக்கொண்டு துணிவது? 1914 இல் நியூயோர்க்கு அரும்பொருளகத்தைச் சேர்ந்த மானிடவியலாரான விசிலர் என்பார் டக்ளசின் ஆய்வைக் கேள்வியுற்று, அவ்விடிபாடுகளின் உத்தரங்களை ஆராயத் தருவதாக எழுதினார். டக்ளசுக்கு வேண்டியது பழைய மரம். மானிடவியலார்க்கு வேண்டியது ஆண்டு. இருவர் தேவையும் ஒரே மரத்துண்டிற் சந்தித்தன.

உத்தரங்கள் தம்முள் ஒத்து 585 ஆண்டு கொண்ட ஒரு வரிசையைத் தந்தன. ஆனால் அவ்வரிசை, உயிருள்ள மரங்களிலிருந்து பெற்ற வரிசையோடு ஐயமறப் பொருந்தவில்லை. ஒரு கட்டடம் மற்றொன்றிற்கு எத்தனை ஆண்டு பிந்தியது என்று கூறமுடிந்தது. கிறித்துவாண்டு இன்னது என்று கூறமுடியவில்லை. இவ்விடைவெளியை அடைக்கும் மரத்துண்டு 1929 ஆம் ஆண்டு யூன் மாதம் 22 ஆந் திகதி, சோலோ என்னும் சிற்றூரின் இடிபாட்டிலே கரியாகிக் கிடைத்தது. மரம் கரியானாலும் வளையம் அழிவதில்லை. அன்றிரவே டக்ளஸ் அதனை எண்ணி, 1237 முதல் 1380 வரையுள்ள ஆண்டுகளுக்கு உரியதென வரையறுத்தார். இரு வரிசைகளும் இணைந்தன. புவெப்லோ பொனிற்றோ முதலிய பெருமனைகள் பத்தாம் நூற்றாண்டிலிருந்து பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை எழுந்தவை என்பது உறுதியாயிற்று. ஞாயிற்றுக் கறை பற்றிய அவருடைய மூல வினாவுக்கோ வளையத்தின் அகலம் தெளிந்த விடை தரவேயில்லை.

இனி, மரவளையம் இல்லாத இடங்களுக்கு உதவிய முறை வேறொரு துறையிற் பிறந்தது. அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தைத் தாக்கும்போது நைதரசனிலிருந்து காபன் 14 என்னும் கதிர்த்தொழிற்பாடுடைய காபன் உண்டாகிறது. தாவரம் அதனை உட்கொள்கிறது. தாவரத்தை உண்ணும் விலங்கும் பெறுகிறது. உயிர் நீங்கியபின் புதிய காபன் சேர்வதில்லை. உள்ளது மட்டும் ஒழுங்காகச் சிதைந்து குறையும். எஞ்சியதை அளந்தால் இறந்த காலத்தைக் கணிக்கலாம். சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் லிபி என்னும் இரசாயனவியலாரும் அவர்தம் துணைவரும் இம்முறையை 1949 இல் வெளியிட்டனர். 1960 இல் லிபி நோபல் பரிசு பெற்றார். காலம் தெரிந்த பொருள்களிலே முதலிற் சோதிக்க விரும்பிய லிபிக்கு, ஆண்டுக்கணக்கோடு கூடிய வரலாறு ஐயாயிரம் ஆண்டுக்கு அப்பாற் செல்லாது எனத் தொல்பொருளியலார் கூறியது பேரதிர்ச்சியாக இருந்ததாம். வரலாறு கற்பிக்கும் எமக்கு அவ்வதிர்ச்சியே வியப்பளிக்கிறது.

சோதனைக்கு எகிப்தியக் கல்லறைகளின் மரத்துண்டுகள் உதவின. தொடக்கத்தில் எல்லாம் பொருந்துவது போலவே தோன்றியது. அளவை நுணுகிய பின்னரோ பிணக்கு வெளிப்பட்டது. கி.மு. மூவாயிரத்தை அண்டிய பொருள்களுக்குக் காபன் காட்டிய காலம், எகிப்தியவியலார் கூறிய காலத்தினும் பல நூற்றாண்டு பிந்தியதாக இருந்தது. எகிப்தியவியலாரின் கணக்கு அரசர் பட்டியல்களையும், சிரியஸ் விண்மீன் வைகறையிற் தோன்றிய நாள் பற்றிய பழங்குறிப்புகளையும் ஆதாரமாகக் கொண்டது. பரிசு பெற்ற அறிஞரா, பப்பிரசுச் சுவடியா? 1963 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஐயாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எகிப்தியக் கணக்கு ஐந்து நூற்றாண்டளவு கூடியிருத்தல் கூடும் என லிபி கருதினார். அக்காலத்தில் இதனை எதிர்த்து நிற்க வரலாற்றாசிரியர்க்குத் துணிவு வேண்டியிருந்தது.

வழக்கைத் தீர்த்தது மரமே. டக்ளசின் கீழ்ப் பயின்ற ஷூல்மன், கலிபோர்னியாவின் வெண்மலையிலே முறுகி வளர்ந்த பிரிசில்கோன் பைன் மரங்களுள் 4600 ஆண்டுக்கு மேற்பட்டதொன்றை 1957 இற் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு சனவரியில் நாற்பத்தொன்பது வயதிலே மறைந்தார். அவர் விட்ட பணியைத் தொடர்ந்த பேர்குசன், பட்டுக் கிடந்த மரங்களையும் பொருத்தி, 1969 அளவில் வரிசையை ஏழாயிரம் ஆண்டுக்கு மேல் நீட்டினார். அவர் கொடுத்த, ஆண்டு தெரிந்த மரத்துண்டுகளிற் காபன் 14 ஐ அளந்த சூஸ் என்னும் இரசாயனவியலார் 1967 இல் ஒரு வளைகோட்டை வெளியிட்டார். கி.மு. மூவாயிரத்து மரத்தைக் காபன் ஐந்தாறு நூற்றாண்டு இளமையாகக் காட்டியது! வளிமண்டலத்திற் காபன் 14 என்றும் ஒரே அளவினது என லிபி கொண்ட எடுகோளே வழுவுடையது. எகிப்தியரின் பட்டியல் பிழைத்தது.

திருத்தத்தின் விளைவு எகிப்தோடு நிற்கவில்லை. வெளிவாரி மாணவனாக யான் வரலாறு பயின்ற நாளிற் கைக்கெட்டிய பழைய நூல்களெல்லாம், கல்லாற் பெருங்கட்டடம் எழுப்பும் கலை கீழைத்தேயத்திலிருந்தே ஐரோப்பாவுக்குப் பரவியது என்னும் கோடன் சைல்டின் கொள்கையை முடிந்த முடிபாகக் கூறின. திருத்திய ஆண்டுகளைக் கொண்டு கொலின் றென்பிறூ 1973 இல் எழுதிய நூல் அதனைக் கவிழ்த்தது. மோல்ற்றாத் தீவின் கற்கோயில்கள் எகிப்தியப் பிரமிட்டுகளுக்கு முந்தியவை. பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள கற்கல்லறைகள் அவற்றினும் முந்தியவை. பின்னே பிறந்தவனிடம் முன்னே பிறந்தவன் கற்றான் என எங்ஙனம் கூறுவது?

சூசின் கோட்டிற் காணப்பட்ட சிறு நெளிவுகளுக்கு ஞாயிற்றின் செயற்பாடே பெரிதும் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஞாயிறு கொந்தளிக்கையில் அதன் காந்தப்புலம் அண்டக் கதிர்களைத் தடுக்கும். காபன் 14 குறையும். டக்ளஸ் தேடிய ஞாயிற்றின் சுவடு மரத்துள்ளே இருந்தது. அவர் அகலத்திலே தேடினார், அஃது அணுவிலே இருந்தது. யப்பானிய அறிஞர் மியாக்கே, கி.பி. 775 ஐயும் 993 ஐயும் அண்டிய வளையங்களிற் காபன் 14 திடீரெனப் பெருகியிருத்தலை 2012, 2013 ஆம் ஆண்டுகளில் அறிவித்தார். இதனைத் துணைக்கொண்டு, நியூபவுண்லாந்திலே வைக்கிங்கர் குடியிருந்த இடத்தில், உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகளை ஆராய்ந்தனர். 993 இன் வளையத்திலிருந்து பட்டைவரை எண்ணியபோது, மூன்றும் 1021 ஆம் ஆண்டில் வெட்டப்பட்டவை எனத் துணியமுடிந்தது. இம்முடிவு 2021 இல் வெளிவந்தது.

நம் நாட்டுக்கு இவ்வளவு நற்பேறு வாய்க்கவில்லை. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாய் அமைவதில்லை. தேக்குப் போன்ற சில விதிவிலக்கு. பழமரம் கறையானுக்குத் தப்புவதும் அரிது. எனவே கரித்துண்டின் காபனையே நம்பவேண்டியுள்ளது. அங்கும் ஓர் இடர். கி.மு. 800 முதல் 400 வரையுள்ள காலத்தில் அத்திருத்தக் கோடு ஏறக்குறையச் சமதரையாய்க் கிடக்கிறது. அந்நானூறு ஆண்டுள் எப்போது எரிந்த கரியும் ஏறத்தாழ ஒரே காபன் வயதையே காட்டும். நமக்கு மிக வேண்டிய காலமும் அதுவே. அநுராதபுரத்தில் சிரான் தெரணியகலவும், பின்னர் றொபின் கொனிங்காமும் நடத்திய அகழ்வுகளிற் பிராமி எழுத்துடைய மட்கல ஓடுகள் அசோகனுக்கு முற்பட்ட படைகளிற் கிடைத்தன. முன்னவர் கி.மு. ஆறாம் நூற்றாண்டளவையும், பின்னவர் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் கூறினர். கீழடியின் மாதிரியொன்று கி.மு. 580 ஐச் சேர்ந்தது எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்டபோது எழுந்த ஆரவாரத்தில், இச்சமதரையை நினைந்தவர் சிலரே. ஒற்றை மாதிரியின் ஒற்றை ஆண்டைக் கொடியாய்ப் பிடித்து வாதிடுவோர் இரு கரையிலும் உளர். எழுத்தின் தொன்மை பற்றிய வழக்கு அவர்களால் ஓரங்குலமும் நகர்வதில்லை.

இவ்விடரைக் குறைக்க வந்தவர் புள்ளிவிவரவியலார். அடுத்தடுத்த படைகளிலிருந்து பல மாதிரிகளை அளந்து, கீழ்ப்படை மேற்படைக்கு முந்தியது என்னும் உறுதியை நிகழ்தகவுக் கணக்கிற் சேர்த்தால், கால எல்லை கணிசமாக ஒடுங்கும். அதற்குக் கரித்துண்டு எந்தப் படையில், எந்த ஓட்டின் அருகே கிடந்தது என்பதை அகழ்ந்தவர் அன்றே தம் குறிப்பேட்டில் எழுதியிருத்தல் வேண்டும்.