'சந்திரமுகி' பேய் பிறந்தது எங்கே? வேட்டையபுரம் அரண்மனைக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதை!

'லக லக லக' சத்தத்தைக் கேட்டாலே இன்னைக்கும் பலருக்கு உடம்பு சிலிர்க்கும். 2005 ஏப்ரல் 14-ல் வெளியான 'சந்திரமுகி' அப்படி ஒரு படம். ஆனா, இந்தப் பேய் தமிழ்நாட்டில் பிறந்தது இல்லை. ஒரு வகையில் பார்த்தால், அது பேயே இல்லை!

மூலக்கதை எங்கிருந்து வந்தது?

கேரளாவின் ஆலப்புழா மாவட்டத்தில் உள்ள ஊர் முட்டம். அங்கே ஆலும்மூட்டில் என்ற பழைய தறவாட்டு வீடு இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் நடந்த ஒரு துயரச் சம்பவத்தின் தாக்கத்தில்தான் எழுத்தாளர் மது முட்டம் இந்தக் கதையை எழுதினார். அதை 1993-ல் இயக்குநர் ஃபாசில் 'மணிச்சித்ரதாழ்' என்ற பெயரில் மலையாளத்தில் படமாக்கினார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது.

அந்த அரண்மனை நம்ம ஊரில்!

மலையாளப் படத்தின் அரண்மனைக் காட்சிகள் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும், பத்மநாபபுரம் அரண்மனையிலும் எடுக்கப்பட்டன. இதில் பத்மநாபபுரம் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தாலும், அரண்மனையின் நிர்வாகம் இன்றும் கேரள அரசிடம்தான் உள்ளது.

பேய் எப்பவும் பக்கத்து மாநிலம்தான்!

மலையாளத்தில் அவள் பெயர் நாகவல்லி. தஞ்சாவூரில் இருந்து வந்த நடனக்காரி, பேசுவது தமிழ். 2004-ல் பி.வாசு இதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்தபோது நாகவல்லி தெலுங்கு பேசினாள். தமிழில் அவளே சந்திரமுகி ஆனாள். அதனால்தான் 'ரா ரா' பாட்டு தெலுங்கில் இருக்கிறது. 2007-ல் இந்தியில் வந்த 'பூல் புலையா'வில் மஞ்சுலிகா பேசியது வங்காளம். காரணம் ரொம்ப சிம்பிள். நன்றாகத் தெரிந்த ஒரு பெண் திடீரென வேற்று மொழியில் பேசினால் யாருக்கும் திக்குனு இருக்கும்.

குரல் யாருடையது?

நாகவல்லியின் தமிழ் வசனங்களுக்குக் குரல் கொடுத்தவர் டப்பிங் கலைஞர் துர்கா. இந்த விஷயம் பல ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. கன்னடத்தில் நாகவல்லியாக நடித்த சௌந்தர்யா, படம் வெளியாவதற்கு முன்பே 2004 ஏப்ரல் 17-ல் விமான விபத்தில் உயிரிழந்தார்.

பேயா, நோயா?

படத்தில் கங்காவுக்கு வந்தது மனநோய். ஒருவருக்குள்ளேயே வேறொரு ஆளுமை வெளிப்படும் நிலை இது. மருத்துவத்தில் இதை விலகல் அடையாளக் கோளாறு என்பார்கள். சிறு வயதில் ஏற்பட்ட கடும் பாதிப்புகளோடு இதற்குத் தொடர்பு இருப்பதாக மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனா, கிளைமாக்ஸில் வருவது போல ஒரே ராத்திரியில் இது சரியாகிவிடாது. நீண்ட கால மனநல ஆலோசனை தேவைப்படும்.

படத்தைத் தாண்டி ஏன் முக்கியம்?

'பேய் பிடிச்சிருக்கு' என்று சொல்லி மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைக்கும் வழக்கம் நம் மாநிலத்திலும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6-ல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

வீட்டில் யாராவது வழக்கத்துக்கு மாறாகப் பேசினாலோ, நடந்துகொண்டாலோ, வேப்பிலையைத் தேடுவதற்கு முன்னால் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். இது அரசின் 'டெலி மானஸ்' சேவை. 24 மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது. பனமலை, திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

கங்காவைக் காப்பாற்றியது, அவள் நடிக்கவில்லை, கஷ்டப்படுகிறாள் என்று ஒரு டாக்டர் புரிந்துகொண்டதுதான். அடுத்த முறை டிவியில் 'சந்திரமுகி' போட்டால், இதையும் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.