கிழக்கே தெரியும் பழைய பிறை



நோன்பு 29ஆம் நாள் மஃரிபுக்கு நம்மில் பாதிப் பேர் மாடியிலும் காலி முகத்திடலிலும் மேற்கைப் பார்த்து நிற்போம். மீதிப் பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போம். கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தலைப்பிறை மாநாடு கூடும். எங்கோ ஓர் ஊரில் பிறை கண்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வரும். அதன் பிறகு பெருநாள் இரவு என்பது வாதாடும் இரவாகிவிடும். ஒரே வீட்டில் வாப்பாவும் மகனும் இரண்டு பக்கம்.

அன்று காலையில் கிழக்கே யாராவது பார்த்தார்களா? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

யாஸீன் சூராவை மனப்பாடமாக ஓதாத வீடு நம் கிராண்ட்பாஸில் குறைவு. அதன் 39ஆம் வசனத்தில் அல்லாஹ் தேய்ந்த சந்திரனைக் காய்ந்து வளைந்த பழைய பேரீச்சங்குலைக் காம்புக்கு ஒப்பிடுகிறான். அந்தப் பழைய பிறை மாலையில் தெரியாது. மாதக் கடைசியில் சூரியன் உதிக்கும் முன், கிழக்கில் தாழ்வாகத் தெரியும். அரபு நாட்டில் ஸஹருக்கு எழுந்தவனுக்கு அது மாதந்தோறும் பழகிய காட்சி. அதனால்தான் அந்த உவமை அவனுக்கு உடனே விளங்கியது.

கணக்கு எளிது. சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து உதிக்கிறது. மாதக் கடைசியில் சூரியனுக்குச் சற்று முன்னால் உதித்து, காலை வெளிச்சத்தில் மறைகிறது. பிறகு சூரியனைக் கடந்து, மாலையில் மேற்கே தலைப்பிறையாக வருகிறது. பிறை கண்ணுக்குத் தெரிய அது சூரியனிலிருந்து குறைந்தது 7 பாகையாவது விலகியிருக்க வேண்டும். காலையில் இந்தப் பக்கம் 7, மாலையில் அந்தப் பக்கம் 7, ஆக 14 பாகை. ஆனால் சூரியனை விட்டு சந்திரன் நகர்வது ஒரு முழு நாளைக்கே சுமார் 12 பாகைதான். ஆகவே 29ஆம் நாள் காலை கிழக்கே பிறையைக் கண்டுவிட்டால், அன்று மாலை மேற்கே தலைப்பிறையைக் காண வழியில்லை. காலையில் காணவில்லை என்பதால் மாலையில் கட்டாயம் தெரியும் என்று சொல்லவும் முடியாது. மேகம் மறைத்திருக்கலாம், பிறை மிக மெல்லியதாக இருந்திருக்கலாம்.

இதைச் சிந்தித்தவர்கள் நமக்கு முன்பே இருந்தார்கள். 14ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸ் நகரின் தலைமைக் காழியாக இருந்தவர் இமாம் தகியுத்தீன் அஸ்ஸுப்கி (ரஹ்). நாம் பின்பற்றும் அதே ஷாஃபிஈ மத்ஹப். பிறை தெரியவே முடியாது என்று கணக்கு உறுதியாகச் சொல்லும்போது, கண்டேன் என்ற சாட்சியத்தை ஏற்க முடியாது என்பது அவருடைய கருத்து. பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களில் இதற்கு உடன்படாதவர்களும் உண்டு. தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. நான் பாடசாலை ஆசிரியன், அதில் கைவைக்க மாட்டேன். 600 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெரிய காழி வானக் கணக்கைத் தீனுக்கு எதிரியாக நினைக்கவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதே காலத்தில் அதே நகரின் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிக்கும் முவக்கித்தாக இருந்தவர் இப்னு அஷ்ஷாதிர் (1304–1375). அந்தப் பள்ளியின் மினாராவில் 1371இல் பெரிய சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். சந்திரனின் ஓட்டத்துக்கு அவர் போட்ட கணக்கு, 1543இல் வெளிவந்த கோப்பர்னிக்கஸின் நூலில் உள்ள கணக்கோடு அப்படியே ஒத்துப்போவதை 1957இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பள்ளிவாசலில் சம்பளம் வாங்கிய ஒருவரின் வேலை அது!

ஸுபஹ் நேரமும் இப்படித்தான். முதலில் ஓநாயின் வால்போல் செங்குத்தாக எழுவது பொய் விடியல். அடிவானத்தில் அகலமாகப் பரவுவது உண்மை விடியல். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் ஜெய்யான் நகரத்துக் காழி இப்னு முஆத், சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 19 பாகையில் இருக்கும்போது முதல் வெளிச்சம் வருகிறது என்று எடுத்துக்கொண்டு, அதை வைத்தே காற்று மண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை சுமார் 52 மைல். இன்றும் பல தொழுகை நேர அட்டவணைகள் 18, 19 பாகை என்ற அளவை ஒட்டியே தயாராகின்றன.

அந்தச் சிறு நூல் இலத்தீனுக்குப் போய், 1542இல் லிஸ்பனில் அச்சானது. அச்சில் வெளியிட்டவர் போர்த்துக்கல் அரசின் கணித அறிஞர் பேதுரு நூனெஸ். ஆனால் இப்னு முஆதின் பெயர் அதில் இல்லை, இப்னுல் ஹைதமின் பெயரில் வந்தது. போர்த்துக்கீசர் கொழும்புக்கு வந்தது 1505இல். பெரிய துறை என்ற பொருளில் களனி கங்கைக் கரையிலுள்ள நம் ஊருக்குப் பெயர் வந்ததும் அவர்கள் மொழியிலிருந்துதான். நம் துறைக்குப் பெயர் வைத்தவர்களின் தலைநகரில் ஒரு காழியின் விடியல் கணக்கைப் படித்தார்கள். நாமோ அந்தக் காழியின் பெயரையே கேள்விப்படவில்லை.

இனி நம் பங்கு. தெருவிளக்கு வெளிச்சத்தில் பொய் விடியல் இங்கே தெரியாது. ஆனால் பிறைக்கும் கிரகங்களுக்கும் அது தடையில்லை. ஸுபஹ் தொழுதுவிட்டு வெளியே வரும்போது சூரியன் உதிக்க அரை மணி நேரமாவது இருக்கும். மாதக் கடைசி மூன்று நான்கு நாள் பிள்ளைகளைத் தொடர்மாடியின் உச்சிக்குக் கூட்டிப்போய்க் கிழக்கே காட்டுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பிறை தோணிபோல் சாய்ந்து கிடக்கும்.

அந்தப் பிறை போகும் பாதையில்தான் கிரகங்களும் இருக்கும். மின்னாமல் நிலையாக, எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக நிற்பது விடிவெள்ளி, அரபியில் ஸுஹ்ரா. அடுத்த பிரகாசம் பெரும்பாலும் வியாழன், முஷ்தரீ. சிவப்பாக இருந்தால் செவ்வாய், மிர்ரீக். மங்கிய மஞ்சள் சனி, ஸுஹல். சூரியனை ஒட்டியே திரியும் புதன், உதாரித். ஐந்தும் எல்லா மாதமும் காலையில் வராது. வெள்ளியே சில மாதம் மாலைக்குப் போய்விடும். சூரியன் எழும் நேரம் நெருங்கியதும் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள்.

29 காலை பிறையைத் தன் கண்ணால் கண்ட பிள்ளை, அன்று மாலை வரும் குரல் பதிவை அப்படியே நாலு குழுவுக்கு அனுப்பாது. முதலில் வாப்பாவிடம் வந்து கேட்கும். பெருநாள் இரவில் நம் வீடுகளில் சண்டை குறைய அது போதும்.

அடுத்த மாதக் கடைசியில், இன்ஷா அல்லாஹ், ஸுபஹுக்குப் பிறகு நான் மாடியில் நிற்பேன். வரக்கூடியவர்கள் வாருங்கள்.