புலியாதலும் புலி குத்தலும்

2011இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வெளிவந்ததிலிருந்து நம் வகுப்பறைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. சீனருக்குக் குங்ஃபூ கற்பித்தவர் காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மர்தானே என்பது அக்கேள்வி. புலி, கொக்கு, பாம்பு என விலங்குகளின் பெயரால் வழங்கும் சீனப் போர்முறைகள் அனைத்தும் நாம் கொடுத்தவை என்றே மாணவர் பலர் நம்புகின்றனர். பெருமை கொள்வதில் தவறில்லை. காலக்கணக்கு அதற்கு இடம் தரவேண்டும்.

போதிதர்மர் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர் என்பர். சீனத்தின் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. அதில் நாற்பத்து நான்கு மாந்தர் உடற்பயிற்சி செய்கின்றனர். சில பயிற்சிகளுக்குக் கரடி, குரங்கு முதலியவற்றின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. பின்னர், கி.பி. 208இல் இறந்த மருத்துவர் ஹுவா துவோ, புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைத் தம் மாணாக்கருக்குக் கற்பித்தார். நோக்கம் போர் அன்று, உடல்நலம். விலங்கைப் பார்த்து உடலைப் பழக்கும் மரபு போதிதர்மருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு வேரூன்றிவிட்டது.

போதிதர்மரைப் பற்றிய பழைய குறிப்புகளிலும் போர்க்கலை இல்லை. கி.பி. 547ஆம் ஆண்டளவில் எழுந்த நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. 7ஆம் நூற்றாண்டு நூல் தென்னிந்தியர் என்கிறது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் 'யிஜின் ஜிங்' 17ஆம் நூற்றாண்டினது.

சீன மரபின் உட்பொருளையும் நோக்கவேண்டும். தெற்குச் சாவோலின் மரபு கூறும் ஐந்து விலங்குகளுள் புலி, சிறுத்தை, பாம்பு, கொக்கு ஆகியவற்றோடு டிராகனும் உண்டு. டிராகனைக் கண்டவர் எவருமில்லை. ஆகவே இது வெறும் போலச்செய்தல் அன்று; உடலும் மனமும் கொள்ளவேண்டிய ஒரு நிலைக்கு விலங்கின் பெயரை இட்டிருக்கிறார்கள்.

இதற்கு இணையானதைத் தேட நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் களரிப்பயிற்று இருக்கிறது. அதன் வடக்கன் முறையில் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, கோழி, மயில் என எட்டு வடிவுகளைச் சொல்வர். குருக்களுக்கேற்பப் பட்டியல் சிறிது மாறும். அங்கும் வீரன் சிறிது நேரம் விலங்காகிறான்.

கணவாய்க்கு இப்புறம், கொங்குநாட்டில், கல்லில் நாம் காண்பது வேறொரு காட்சி. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் கிடைக்கும் புலிகுத்திக்கற்களில் வீரன் விலங்காகவில்லை. விலங்கின் எதிரே நிற்கிறான். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலியின் உடலில் அவனுடைய ஈட்டியோ வாளோ பாய்ந்திருக்கிறது. மேய்ச்சல் நிலமும் மலையடிவாரமும் அடுத்தடுத்து அமைந்த நாடு இது. ஆநிரையே செல்வம், பட்டிக்கு வந்த புலியை எதிர்த்து மாண்டவனுக்கு ஊர் கல் எடுத்தது. நடுகல் எடுக்கும் முறையைக் காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்வதை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம்.

அப்படி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாளில், போதிதர்மரைப் பற்றி மிகுந்த ஆர்வத்தோடு வாதிட்டிருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். "எங்க தோட்டத்துல மாடு கட்டற கல்லுல இப்படித்தானுங்க ஐயா ஒரு ஆளும் புலியும் இருக்குது" என்றார். அடுத்த ஞாயிறு சென்று பார்த்தோம். கயிறு உரசி உரசி வீரனின் முகம் மழுங்கிவிட்டது. கால்கள் மட்டும் தெளிவாக இருந்தன: முன்கால் மடங்கி, பின்கால் ஊன்றி, பின்வாங்காத நிலை. அந்த நிலைக்கு அவனுடைய ஆசான் என்ன பெயர் இட்டிருந்தார் என்பதைச் சொல்ல இன்று எவருமில்லை.

மாட்டை அவிழ்த்து அருகிலிருந்த வேப்பமரத்தில் கட்டினார் மாணவரின் பாட்டனார். கல்லைக் கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.